அமெரிக்க அட்டர்னி ஜெனரல்கள் காங்கிரஸ் முன் சொல்வதை மக்கள் ஏன் நம்புவதில்லை? பொய் சொன்னால் தண்டனையே கிடையாதா?

அட்டர்னி ஜெனரல், அவருடைய துணை, எஃப்.பி.ஐ. இயக்குநர் போன்றவர்கள் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் குழு முன் கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறார்கள், நான்கு மணி நேரம் மழுப்புகிறார்கள், எழுந்து போகிறார்கள், அதன் பிறகு ஒன்றும் நடப்பதில்லை, இது எப்படி என்பதுதான் கேள்வி. "எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் உண்மை அதைவிடச் சுவாரஸ்யமானது. இவர்களில் பெரும்பாலானோர் அப்பட்டமாகப் பொய் சொல்வதில்லை; அதற்கான தேவையே அவர்களுக்கு வருவதில்லை. பொய்ச்சாட்சிச் சட்டம், விசாரணையின் நேரக் கணக்கு, வழக்குத் தொடுக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கின்றன.

முதலில் ஒரு தெளிவு. இந்தியாவில் அட்டர்னி ஜெனரல் என்றால் அரசின் தலைமை வழக்கறிஞர், அவ்வளவுதான். அமெரிக்காவில் அவர் அமைச்சரவை உறுப்பினர். நீதித் துறை முழுவதும், எஃப்.பி.ஐ.யும், நாடெங்கும் உள்ள 93 கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்களும் அவருக்குக் கீழே வருகிறார்கள். இந்த அடுக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இதுதான் முக்கியமாகப் போகிறது.

சட்டப் புத்தகத்தில் தண்டனைக்குக் குறைவில்லை. கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 1621ஆம் பிரிவு, உறுதிமொழி எடுத்தபின் பொய் சொல்வதைத் தண்டிக்கிறது. 1001ஆம் பிரிவுக்கு உறுதிமொழிகூடத் தேவையில்லை. காங்கிரஸ் குழு ஒன்றின் விசாரணையில் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் போதும். 1505ஆம் பிரிவு விசாரணையைத் தடுப்பதற்கானது. மூன்றிலும் பொதுவாக ஐந்து ஆண்டு வரை சிறை. ஆகவே "அவர் உறுதிமொழி எடுத்தாரா, இல்லையா" என்று தொலைக்காட்சியில் நடக்கும் சண்டைக்குப் பெரிய அர்த்தம் கிடையாது.

சிக்கல் தொடங்குவது 1973இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பிரான்ஸ்டன் தீர்ப்பில். சாமுவேல் பிரான்ஸ்டன் ஒரு திரைப்படத் தயாரிப்பாளர். அவருடைய நிறுவனத்தின் திவால் வழக்கில், சுவிஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். எப்போதாவது இருந்ததா என்று அடுத்துக் கேட்டார்கள். "நிறுவனத்துக்கு ஜூரிச்சில் ஆறு மாதம் போல ஒரு கணக்கு இருந்தது" என்றார். நிறுவனத்துக்கு இருந்தது உண்மை. அவருக்கே தனிப்பட்ட கணக்கு முன்பு இருந்ததும் உண்மை. அதை மட்டும் சொல்லவில்லை. இது பொய்ச்சாட்சி ஆகாது என்று நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சொல்லளவில் உண்மையான பதில், கேட்டவரைத் தவறாக நினைக்க வைத்தாலும் குற்றமில்லை; மடக்கிப் பிடிக்க வேண்டியது கேள்வி கேட்பவரின் வேலை.

தேர்ந்த வழக்கறிஞர் எவருக்கும் இந்தத் தீர்ப்பு அத்துப்படி. நீதித் துறையின் உச்சியில் இருப்பவர்கள் எல்லாருமே தேர்ந்த வழக்கறிஞர்கள்.

2019இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த வில்லியம் பார் செய்ததைப் பாருங்கள். 2016 அதிபர் தேர்தலில் ரஷ்யத் தலையீடு குறித்துச் சிறப்பு வழக்கறிஞர் முல்லர் கொடுத்த அறிக்கையின் சாரம் என்று அவர் மார்ச் 24 அன்று நான்கு பக்கக் கடிதம் வெளியிட்டார். அது தம் பணியின் சூழலையும் சாரத்தையும் முழுமையாகக் காட்டவில்லை என்று முல்லரே மார்ச் 27 தேதியிட்டு அவருக்கு எழுதினார். ஏப்ரல் 9 அன்று கீழவையான பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்றில் சார்லி கிறிஸ்ட் என்ற உறுப்பினர், முல்லர் குழுவைச் சேர்ந்தவர்கள் அதிருப்தியில் இருப்பதாகச் செய்தி வருகிறதே, எதைக் குறிப்பிடுகிறார்கள் என்று தெரியுமா என்று பாரிடம் கேட்டார். தெரியாது, இன்னும் கொஞ்சம் வெளியிட்டிருக்கலாம் என்று நினைத்திருப்பார்கள் போலும் என்றார் பார். ஏப்ரல் கடைசியில் முல்லரின் கடிதம் வெளிச்சத்துக்கு வந்தது. மே 1 அன்று செனட் குழுவில் பார் சொன்ன விளக்கம்: கேள்வி பெயர் தெரியாத குழு உறுப்பினர்களைப் பற்றியது, முல்லரைப் பற்றியது அல்ல, தாம் பேசியது முல்லருடன். பிரான்ஸ்டன் தீர்ப்பின்படி இந்தப் பதிலைக் குற்றமாக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். பார்த்துக்கொண்டிருந்த சாதாரண மனிதருக்கோ, தன் காதில் பூச்சுற்றியது போலத்தான் இருந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சரி. அவநம்பிக்கை பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

பன்னிரண்டு ஆண்டு முன்னால் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆல்பர்ட்டோ கொன்சாலஸ் இதையே வேறு விதமாகச் செய்திருந்தார். அவர் பிடித்துக்கொண்டது பெயரை. புஷ் ஆட்சியில் நீதிமன்ற அனுமதியின்றி நடந்த ஒட்டுக்கேட்புத் திட்டம் பற்றி 2006 பிப்ரவரியில், அதிபர் உறுதிப்படுத்திய திட்டத்தைப் பொறுத்தவரை ஆட்சிக்குள் தீவிரமான கருத்து வேறுபாடு எழவில்லை என்றார். 2007 மே 15 அன்று முன்னாள் துணை அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் கோமி செனட் குழுவில் சாட்சி சொன்னார். 2004 மார்ச்சில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்ட் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது, வெள்ளை மாளிகை வழக்கறிஞராக இருந்த கொன்சாலஸ் ஒப்புதல் கேட்டு அங்கேயே வந்ததையும், தாம் உட்படப் பல மூத்த அதிகாரிகள் பதவி விலகத் தயாராக இருந்ததையும் விவரித்தார். இது கருத்து வேறுபாடு இல்லாமல் வேறென்ன? ஜூலை 24 அன்று கொன்சாலஸின் பதில்: சண்டை வேறு உளவு நடவடிக்கைகளைப் பற்றியது, "அதிபர் உறுதிப்படுத்திய திட்டம்" வேறு. இரண்டே நாளில், அப்போது எஃப்.பி.ஐ. இயக்குநராக இருந்த முல்லர் கீழவையில் அதற்கு முரணாகப் பேசினார். ஒரு திட்டத்தை இரண்டாக வகுத்து, ஒன்றுக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டால் இந்த வசதி கிடைக்கிறது.

"நினைவில்லை" என்பதற்கும் அவர்தான் உதாரணமாக ஆகிவிட்டார். 2006 டிசம்பரில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள் ஏழு பேரை ஒரே நாளில் விலகச் சொன்ன விவகாரத்தில், 2007 ஏப்ரல் 19 அன்று ஒரே விசாரணையில் அறுபது தடவைக்கு மேல் அப்படிச் சொன்னார். மறதியைப் பொய் என்று நிரூபிக்க, அந்த விஷயம் அந்தக் கணத்தில் அவர் நினைவில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். மின்னஞ்சலோ குறிப்போ இல்லாமல் அது ஆகாது. கொன்சாலஸை வீழ்த்தியது அந்த அறுபது பதில்கள் அல்ல. பணிநீக்கம் பற்றிய எந்த ஆலோசனையிலும் தாம் இல்லை என்று மார்ச் 13 அன்று செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். 2006 நவம்பர் 27 கூட்டத்தில் அவர் இருந்ததை ஆவணங்கள் காட்டின. அவருடைய தலைமை உதவியாளர் கைல் சாம்ப்சனே அந்தப் பேச்சு சரியல்ல என்று செனட்டில் சொன்னார். ஆகஸ்டில் கொன்சாலஸ் பதவி விலகல் அறிவித்தார். சிறப்பு வழக்கறிஞர் விசாரித்து, 2010இல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று முடித்துக்கொண்டார்.

பழி முழுவதையும் சாட்சிகள் தலையில் போடுவது நியாயமில்லை. கேட்பவர்களின் தரமும் மோசம். கீழவை விதிப்படி உறுப்பினர் ஒருவருக்கு ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம். நீதிக் குழுவில் நாற்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். மூன்றரை மணி நேரம் ஓடும், ஆனால் எவரும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் துருவ முடியாது. அந்த ஐந்திலும் மூன்று நிமிடம் உறுப்பினரின் சொற்பொழிவு. அது அவர் தொகுதிக்குப் போகும் காணொளித் துண்டு. மிச்சம் இரண்டு நிமிடத்தில் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று அதட்டுவார். சாட்சி நிதானமாக, "உங்கள் கேள்விக்கு நன்றி, முதலில் அதன் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன்" என்று தொடங்கினால் மணி அடித்துவிடும். அடுத்த உறுப்பினர் சாட்சியின் கட்சிக்காரர். அவர் சாட்சியைப் பாராட்டுவார். இதற்கெல்லாம் ஒத்திகை உண்டு. நீதித் துறை ஊழியர்களே உறுப்பினர்கள் வேடத்தில் உட்கார்ந்து, வரக்கூடிய மோசமான கேள்விகளைச் சரமாரியாகக் கேட்டுப் பழக்குவார்கள்.

இதற்கு மாற்று இருக்கிறது. கீழவை விதிகளே, தேர்ந்த குழு வழக்கறிஞர் ஒருவர் தொடர்ச்சியாகக் கேள்வி கேட்க இடம் தருகின்றன. ஒவ்வொரு தரப்புக்கும் அரை மணி நேரம் வரை. எந்தச் சாட்சிக்கும் பிடிக்காத ஏற்பாடு இது. 2019 மே 2 அன்று கீழவை நீதிக் குழு இப்படிக் கேட்கப் போகிறது என்று தெரிந்ததும் பார் வரவே மறுத்துவிட்டார். காலி நாற்காலிக்கு முன்னால் ஓர் உறுப்பினர் பொரித்த கோழியைத் தின்று காட்டியதுதான் அன்றைய தலைப்புச் செய்தி. (இப்படிப்பட்ட கூத்துகள் குழுவின் மீதுள்ள மரியாதையையும் சேர்த்தே குறைக்கின்றன.)

பதில் சொல்ல மறுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதிபருடனான உரையாடல்களை மறைத்து வைக்கும் நிர்வாகச் சிறப்புரிமை அதிபருக்கு உரியது. அமைச்சர் தாமாக அதைக் கோர முடியாது. 1982இல் ரீகன் வெளியிட்ட குறிப்பாணையே, அதிபரின் குறிப்பான அனுமதி இல்லாமல் அதைக் கோரக்கூடாது என்கிறது. 2017 ஜூன் 13 அன்று அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் செனட் உளவுக் குழுவில் என்ன செய்தார்? சிறப்புரிமை கோரவில்லை என்றார், பதிலும் சொல்லவில்லை. அதிபர் பின்னாளில் கோர விரும்பலாம், அந்த வாய்ப்பைத் தாம் கெடுக்கக்கூடாது என்பது அவர் வாதம். இதை ஜனநாயகக் கட்சி ஆட்சியிலும் குடியரசுக் கட்சி ஆட்சியிலும் செய்திருக்கிறார்கள். "நடந்துகொண்டிருக்கும் விசாரணை பற்றிப் பேச முடியாது" என்பதும் இதே ரகம், ஆனால் அதில் பாதி நியாயம் உண்டு. குற்றம் சாட்டப்படாத ஒருவரைப் பற்றி அட்டர்னி ஜெனரல் தொலைக்காட்சிக்கு முன் பேசினால் அது உண்மையாகவே தவறு. எது நியாயமான மறுப்பு, எது ஒளிந்துகொள்ளல் என்று வெளியிலிருந்து பார்க்கிறவரால் பிரித்தறிய முடியாது.

சரி, மறுத்தால் அவமதிப்புத் தீர்மானம் போடலாமே? போடுகிறார்கள். 2012 ஜூன் 28 அன்று, துப்பாக்கிக் கடத்தல் விவகார ஆவணங்களுக்காக அப்போதைய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் மீது கீழவையில் 255-67 வாக்கில் நிறைவேறியது. பதவியில் இருக்கும் அமைச்சர் ஒருவர் மீது முதல் தடவை. 2019 ஜூலை 17 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆவணங்களுக்காகப் பார் மீது 230-198. 2024 ஜூன் 12 அன்று, பைடனிடம் சிறப்பு வழக்கறிஞர் நடத்திய நேர்காணலின் ஒலிப்பதிவுக்காக அப்போதைய அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்ட் மீது 216-207. சட்டப்படி இந்தத் தீர்மானம் வாஷிங்டன் அரசு வழக்கறிஞருக்குப் போகும். அதை நடுவர் குழு முன் வைப்பது அவர் கடமை என்றே சட்டம் சொல்கிறது. அந்த வழக்கறிஞர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? தீர்மானத்தில் பெயர் வந்திருக்கும் அதே அட்டர்னி ஜெனரலுக்கு. மூன்று தடவையும் நீதித் துறை சில நாட்களுக்குள் வழக்குப் போட மாட்டோம் என்று கடிதம் அனுப்பிவிட்டது. இதற்கு அடிப்படையாக 1984இல் நீதித் துறையின் சட்ட ஆலோசனைப் பிரிவு எழுதிய கருத்துரை ஒன்று இருக்கிறது: அதிபர் சிறப்புரிமை கோரிய விஷயத்தில் அதை மதித்த அதிகாரி மீது அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை. தன் துறைக்குத் தானே எழுதிக்கொண்ட விலக்கு. ஆட்சி எத்தனை தடவை மாறினாலும், இரண்டு கட்சியும் இதை மட்டும் ஒற்றுமையாகக் காப்பாற்றி வருகின்றன.

உரிமையியல் வழக்குக்குப் போகலாம், ஆனால் அது நத்தை வேகம். ஹோல்டர் விவகாரத்தில் 2012 ஆகஸ்டில் கீழவை வழக்குப் போட்டது. ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டது 2016 ஜனவரியில், ஹோல்டர் பதவியை விட்டுப் போன பிறகு. வழக்கு முழுமையாக முடிந்தது 2019இல். காங்கிரசே ஆளைப் பிடித்து அடைத்து வைக்கும் பழைய அதிகாரம் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. கடைசியாகப் பயன்பட்டது 1930களின் நடுவில். 2024 ஜூலையில் கார்லண்டுக்கு நாளொன்றுக்கு 10,000 டாலர் அபராதம் போட அந்த வழியில் முயன்றார்கள், கீழவையிலேயே தோற்றது.

ஆக, யாருமே தண்டிக்கப்பட்டதில்லையா? உண்டு. ரிச்சர்ட் கிளைன்டீன்ஸ்ட் 1972இல் அட்டர்னி ஜெனரல் பதவிக்கான தம் நியமன விசாரணையில், ஐ.டி.டி. நிறுவனத்தின் மீதான வழக்கில் வெள்ளை மாளிகை அழுத்தம் கொடுக்கவில்லை என்றார். அதிபர் நிக்சனே தொலைபேசியில் அழைத்து மேல்முறையீட்டை நிறுத்தச் சொல்லியிருந்தார். 1974 மே மாதம் கிளைன்டீன்ஸ்ட் முழுமையாகச் சாட்சி சொல்லாத சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டார். 100 டாலர் அபராதம், ஒரு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த ஜான் மிட்செல், நிக்சன் ஆட்சியைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஊழல் வழக்கில் சதி, நீதிக்கு இடையூறு, பொய்ச்சாட்சி ஆகியவற்றுக்காக 1975இன் முதல் நாளில் குற்றவாளி எனத் தீர்ப்பானார். 19 மாதம் சிறையில் இருந்தார். இருவர் விஷயத்திலும் வழக்கை நடத்தியது சிறப்பு வழக்கறிஞர் அலுவலகம், நீதித் துறையின் வழக்கமான அடுக்கு அல்ல. நிக்சனின் உரையாடல்களைப் பதிந்த ஒலிநாடாக்களும் இருந்தன.

தண்டிக்கும் அதிகாரம் அதே துறையிடம் இருப்பதன் மறுபக்கம் 2025இல் தெரிந்தது. கோமி எஃப்.பி.ஐ. இயக்குநர் பதவியை விட்டு வெகுகாலம் கழித்து, 2020 செப்டம்பர் 30 அன்று செனட் குழுவில் சொன்ன சாட்சியத்துக்காக, ஐந்தாண்டுக் காலவரம்பு முடிய ஐந்தே நாள் இருக்கும்போது அவர் மீது குற்றச்சாட்டு பதிவானது. அந்தச் சாட்சியத்தில் அவர் செய்தது, 2017இல் கொடுத்த பதிலில் உறுதியாக நிற்கிறேன் என்றது. நவம்பர் 24 அன்று, குற்றச்சாட்டைக் கொண்டுவந்த அரசு வழக்கறிஞரின் நியமனமே செல்லாது என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதவியில் இருப்பவர் மீது வழக்கே வராது, ஆட்சி மாறினால் பழையவர் மீது மட்டும் வரும் என்றால், சட்டத்தைப் பற்றி மக்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாய்மொழிச் சாட்சியத்தைவிட எழுத்தில்தான் இவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். மெக்சிகோ எல்லையில் சுமார் 2,000 துப்பாக்கிகளை அரசு அதிகாரிகளே கடத்தல்காரர்கள் கைக்குப் போக விட்ட நடவடிக்கை பற்றி செனட்டர் கிராஸ்லி கேட்டபோது, 2011 பிப்ரவரி 4 அன்று நீதித் துறை அப்படி நடக்கவில்லை என்ற பொருளில் பதில் எழுதியது. பத்து மாதம் கழித்து, டிசம்பர் 2 அன்று, அந்தக் கடிதத்தையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஹோல்டர் மீதான அவமதிப்புத் தீர்மானம்வரை போன சண்டை, அந்தப் பொய்க் கடிதம் எப்படித் தயாரானது என்ற ஆவணங்களைப் பற்றியதுதான். 2012 செப்டம்பரில் வந்த துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை, ஹோல்டருக்கு முன்கூட்டியே தெரியாது என்றது. 14 அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குறை கூறியது. விசாரணை மேசையில் கிடைக்காத தெளிவு அந்த ஒரே அறிக்கையில் கிடைத்தது.

நல்ல உதாரணமும் ஒன்று இருக்கிறது. 1973இல் எலியட் ரிச்சர்ட்சன் அட்டர்னி ஜெனரலாகத் தம் நியமனத்துக்காக, வாட்டர்கேட்டுக்குச் சுதந்திரமான சிறப்பு வழக்கறிஞரை நியமிப்பேன் என்று செனட்டுக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வழக்கறிஞரை நீக்கச் சொல்லி நிக்சன் அக்டோபர் 20 அன்று உத்தரவிட்டபோது, கொடுத்த வாக்கை மீற மறுத்துப் பதவி விலகினார். செனட்டின் பிடி வலுவாக இருப்பது நியமனத்துக்கு முன்னால்தான். பதவியேற்றபின் அதே ஆளை அசைப்பது கடினம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு விசாரணையைப் பார்ப்பது எப்படி? பதிலைவிடக் கேள்வியை உற்றுக் கேளுங்கள். கேள்வியில் இரண்டு மூன்று விஷயங்களைக் கோத்துக் கேட்டால் சாட்சி தனக்கு வசதியானதற்கு மட்டும் பதில் சொல்வார். 2017 ஜனவரியில் செஷன்ஸ் நியமன விசாரணையில் கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு: டிரம்ப்பின் பிரசாரக் குழுவினர் ரஷ்யர்களுடன் தொடர்பில் இருந்ததற்குச் சான்று வந்தால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி, கேட்காமலே "நான் ரஷ்யர்களுடன் தொடர்பு கொள்ளவில்லை" என்றார். ரஷ்யத் தூதரை அவர் இரண்டு தடவை சந்தித்தது மார்ச்சில் வெளிவந்தது. ரஷ்ய விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார். கேள்வியின் சூழலைப் பார்த்தால் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நிரூபிக்க முடியாது என்றது முல்லர் அறிக்கை. "எனக்கு நினைவிருக்கும் வரை", "அந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை", "என்னிடம் அப்படி யாரும் சொல்லவில்லை" என்ற வால்கள் ஒட்டியிருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் ஆவணம் தேட வேண்டும். மறுக்கும்போது அதிபர் சிறப்புரிமை கோரியிருக்கிறாரா என்று யாராவது கேட்கிறார்களா பாருங்கள். கேட்காத உறுப்பினர் தன் வேலையைச் செய்யவில்லை. விசாரணை முடிந்ததும் உறுப்பினர்கள் எழுத்துமூலக் கேள்விகள் அனுப்புவார்கள். அவற்றுக்கான பதில்கள் மாதங்கள் கழித்து, செய்தி ஆறிப்போன பிறகு வரும்; விசாரணைப் பதிவோடு அச்சாகும். அமர்வில் சொன்னதை அதிகாரிகள் சத்தமில்லாமல் திருத்திக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான். வாய்மொழிப் பதிவில் தொழில்நுட்ப, இலக்கண, அச்சுப் பிழைகளைத் தவிர வேறெதையும் மாற்றக் கீழவை விதி அனுமதிப்பதில்லை. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எங்கே விலகியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.